தென்காசிக் கல்லில் ஒரு வேண்டுகோள்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன், அந்தக் கோயிலின் கல்லிலேயே பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளை வெட்டிவைத்திருக்கிறான். இந்த ஆலயம் எழுந்தது இறைவன் செயல், தன் செயலில்லை என்று முதலில் சொல்கிறான். பிறகு, காலப்போக்கில் இதற்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதைத் தீர்த்துக் காப்பாற்றுகிறவர் எவராக இருந்தாலும் அவரைத் தான் பணிவதாக உலகறியச் சொல்கிறான். கோயிலை இன்னும் விரிவாக்கிக் காப்பவர் அடியில் விழுந்து ஏவல் செய்வதாகவும் சொல்கிறான். முடிசூடிய அரசன் ஒருவன், இன்னும் பிறக்காத, பேரும் குலமும் தெரியாத மனிதர்களைக் கும்பிட்டு எழுதிய பாட்டு அது.

பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் தென்காசியில் இறக்கிவிட்டது. மேற்கே மலை முழுவதும் மேகம். ரயிலடிக்கு வெளியே டீ ஊற்றிக்கொண்டிருந்தவர், "அண்ணாச்சி, மேல நல்லா விழுது, மெயின் ஃபால்ஸ்ல இன்னிக்குக் குளிக்க விடுவாங்களோ என்னமோ" என்றார். வருகிறவர்கள் எல்லோரும் குற்றால அருவிக்குத்தான் வருகிறார்கள் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்கு. என்னை இழுத்துவந்தது அந்தப் பாட்டு. அதற்கு முன்னால், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சில சீன அறிஞர்கள்.

சீனத்தில் சோங் அரசமரபு ஆண்ட காலம் கி.பி. 960 முதல் 1279 வரை. நம் கணக்கில் சோழர் ஆட்சியின் பெரும்பகுதியும் வீழ்ச்சியும், பிற்காலப் பாண்டியர் எழுச்சியும் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்தில்தான் சீன அறிஞர்கள் சிலர் பழைய வெண்கலப் பாத்திரங்களையும் கல்வெட்டுகளையும் தேடிச் சேர்த்துப் படித்து ஒப்பிடுவதை ஒரு தனிக் கல்வியாகவே வளர்த்தார்கள். அவர்கள் கையில் கிடைத்த வெண்கலங்களில் பல, அவர்களுக்கே ஆயிரத்தைந்நூறு இரண்டாயிரம் ஆண்டு பழையவை. ஷாங், சோவ் மரபுகளின் காலத்தில் முன்னோர் வழிபாட்டுக்காக வார்த்த முக்காலிக் கொப்பரைகள், மதுக் கலங்கள், மணிகள். கலங்கள் பலவற்றின் உட்புறத்தில் எழுத்துகள் இருக்கும். யார், எந்த அரசனிடம், எதற்காகப் பரிசு பெற்று இந்தக் கலத்தை வார்த்தார் என்ற செய்தி. சோவ் காலக் கலங்கள் பலவற்றில் கடைசி வரி ஏறக்குறைய ஒரே மாதிரி முடியும்: பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை என்றைக்கும் போற்றி வைத்துப் புழங்க வேண்டும் என்ற வேண்டுதல்.

பராக்கிரம பாண்டியனின் வேண்டுகோளும் சோவ் காலக் கொப்பரையின் வேண்டுதலும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. சீனப் பிரபு தன் வாரிசுகளை மட்டும் கேட்கிறான். பாண்டியன் எல்லோரையும் கேட்கிறான். இரண்டு வேண்டுதலுக்கும் பதில் வந்தது. அதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் வாரிசுகள் இல்லை, எழுத்தைப் படிக்கத் தெரிந்த அந்நியர்கள்.

அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஓயாங் சியூ. 1007-இல் பிறந்து 1072-இல் மறைந்தவர். கவிஞர், வரலாற்றாசிரியர், பெரிய பதவி வகித்த அதிகாரி. நான்கு வயதில் தந்தையை இழந்தவர். தாளும் தூரிகையும் வாங்க வழியில்லாததால், தாய் நாணல் தண்டால் தரையில் எழுதிக்காட்டிப் படிப்பித்தாள் என்பது சீனத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. மணலில் விரல் வைத்து அகரம் பழகிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் தாயை உடனே புரிந்திருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து, நாடெங்கும் இருந்த கல்வெட்டுகளிலிருந்தும் வெண்கலங்களிலிருந்தும் எடுத்த படிகளை ஆயிரம் சுருள்களாகச் சேர்த்தார். நானூறுக்கும் மேற்பட்டவற்றுக்குக் குறிப்பு எழுதினார். கல்லும் உலோகமும் நிலைத்தவை என்று எல்லோரும் நம்பிய இடத்தில், அவையும் உடையும், உருகும், புதையும் என்று கண்டவர் அவர். அதனால்தான் படி எடுத்துச் சேர்த்தார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தென்காசிக் கோயிலுக்குள் போனால் அந்தக் கோபுரமே வேறு மாதிரித் தெரிகிறது. ஒன்பது நிலை, சுமார் 178 அடி உயரம். வாசலில் நுழையும்போது மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. பாண்டியன் காலத்தில் 1457-இல் தொடங்கிய பழைய கோபுரம் பின்னாளில் இடி விழுந்து சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகப் பிளந்து நின்றது. இப்போது நாம் அண்ணாந்து பார்ப்பது 1990-இல் திருப்பணி முடிந்து குடமுழுக்குக் கண்ட கோபுரம். குறை வந்தால் தீர்ப்பவர் யாரோ அவரைப் பணிகிறேன் என்று அரசன் எழுதி ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, அவன் எதிர்பார்த்த குறையும் வந்தது, தீர்த்தவர்களும் வந்தார்கள்.

மதுரை கைவிட்டுப்போன பிறகு பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கி வாழ்ந்த காலம் அது. மூவேந்தரில் ஒருவர் என்று சங்கப் பாட்டில் பேசப்பட்ட மரபு, மலையடிவாரத்தில் சிற்றாற்றங்கரையில் ஒரு சிறு அரசாகச் சுருங்கியிருந்தது. பராக்கிரம பாண்டியன் 1422-இல் பட்டத்துக்கு வந்தான். வடகாசியில் தன் கோயில் பாழடைந்து கிடப்பதாகவும், தெற்கே தனக்கு ஒன்று கட்டும்படியும் சிவபெருமான் அவன் கனவில் வந்து சொன்னதாகக் கல்வெட்டே கூறுகிறது. 1446-இல் திருப்பணி தொடங்கியது. கனவிலேயே பாழடைந்த கோயில்தான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தன் கோயிலும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்ற எண்ணம் அஸ்திவாரம் போடும்போதே அவனுக்கு இருந்திருக்கிறது. மதுரையை இழந்த குலத்தில் பிறந்தவனுக்கு, எதுவும் என்றைக்கும் நிற்கும் என்ற மயக்கம் இருக்க வழியில்லை.

உள்ளே மண்டபத் தூண்களில் வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், காளி, மன்மதன், ரதி என்று ஆளுயரத்துக்கு மேலான சிலைகள். ஒவ்வொன்றும் தூணோடு சேர்ந்து ஒரே கல். விரல் நகமும் ஆபரணத்தின் தொங்கலும் தனித்தனியாகத் தெரியும். கூட்டம் அங்கே நின்று பார்க்கிறது, அது நியாயம்தான். கல்வெட்டு உள்ள சுவரருகே யாரும் நிற்பதில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "அது ராசா பாட்டுல்லா, எங்க தாத்தா மனப்பாடமாச் சொல்லுவாக" என்றார். சொல்லச் சொன்னேன். பாதிவரை தடையில்லாமல் வந்தது. மீதியை நானும் அவரும் சேர்ந்து கல்லைப் பார்த்து முடித்தோம்.

கல்லில் உள்ள எழுத்து அவர் தாத்தா வாய்க்கு எப்படி வந்தது? அரசன் எழுதியது தமிழ்ப் பாட்டு, எதுகை மோனையோடு வாயில் நிற்கும். எல்லாச் சாசனங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. நிலத்தின் எல்லை, வரி, விளக்கெரிக்க விட்ட ஆடு, நெல்லின் அளவு என்று போகிற நீண்ட உரைநடைச் சாசனங்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அவை பிழைக்க வேண்டுமானால் படி எடுக்க வேண்டும்.

கல்வெட்டைப் படி எடுக்கிற வேலையை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்தால் மறக்க முடியாது. முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, எழுத்துக்குள் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கிறார்கள். பிறகு தாளை நனைத்துக் கல்லின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டி, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் மெல்ல அடிக்கிறார்கள். ஈரம் சற்றே வற்றும்போது, மை தோய்த்த துணிப்பந்தால் தாளின் மேல் ஒற்றிக்கொண்டே போகிறார்கள். மேடான இடமெல்லாம் கறுப்பாகிறது, குழிந்த எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கிறது. காய்ந்ததும் உரித்து எடுத்தால் கல்வெட்டு அப்படியே தாளில். கல்வெட்டுத் துறையில் இதை மைப்படி என்பார்கள். கல்லில் நேரே பார்த்தால் தெரியாத கோடுகூட மைப்படியில் தெரியும்.

சீனத்தில் இந்தக் கலை சோங் காலத்துக்கும் முந்தையது. ஓயாங் சியூ சேர்த்த ஆயிரம் சுருளும் இப்படி ஈரத்தாளும் மையும் கொண்டு எடுத்தவைதான். உள்கூடான வெண்கலக் கலத்தின் அடியில் இருக்கும் எழுத்தையும் இதே முறையில் எடுத்தார்கள். வளைவுக்குத் தக்கபடி சிறு சிறு தாளாக ஒட்டி எடுக்க வேண்டும் என்பதால் அது இன்னும் நுட்பமான வேலை. கையளவு தாளில் ஓர் அரசனின் ஆணை அடங்கிவிடும். அதை மடித்து இன்னொரு ஊரில் உள்ள நண்பருக்கு அனுப்பலாம், இருவரும் ஒரே எழுத்தைப் பார்த்து வாதாடலாம்.

தென்காசிக் கோயில் வாசலில் இருந்து நீளும் சன்னதி பஜாரில் பாத்திரக் கடையும் பூக்கடையும் பழக்கடையும் நெருங்கிக் கிடக்கின்றன. அதில் நடக்கும்போது எனக்குக் கைஃபெங் நகரத்து ஷியாங்குவோ கோயில் சந்தை நினைவுக்கு வந்தது. சோங் தலைநகரில் இருந்த பெரிய புத்தர் கோயில் அது. அதன் வளாகத்திலேயே சந்தை கூடும். 1101 வாக்கில், புதிதாக மணமான ஓர் இளைஞனும் அவன் மனைவியும் அந்தச் சந்தையின் வாடிக்கையாளர்கள். அவன் பேர் சாவ் மிங்செங், அப்போது மாணவன். அவள் லி சிங்சாவ், சீன இலக்கியத்தின் தலைசிறந்த பெண் கவிஞர் என்று இன்று போற்றப்படுகிறவள். மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவன் வீட்டுக்கு வர விடுமுறை. வருகிற வழியில் துணியை அடகு வைத்து ஐந்நூறு காசு வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போவான். கல்வெட்டுப் படிகளும் தின்பதற்குப் பழமும் வாங்கி வருவான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படிகளை விரித்துப் பார்த்துக்கொண்டே பழம் தின்பார்கள். இதை எழுதிவைத்தவள் லி சிங்சாவ்தான்.

அந்தத் தம்பதி வாழ்க்கை முழுவதையும் அதற்கே கொடுத்தார்கள். சாவ் மிங்செங் தொகுத்த 'ஜின்ஷி லு' என்னும் நூலில் வெண்கலத்திலும் கல்லிலும் இருந்து எடுத்த இரண்டாயிரம் படிகளின் பட்டியல் இருக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஆராய்ச்சிக் குறிப்பு உண்டு. வரலாற்று நூல்களில் உள்ள ஆண்டு, இடம், பதவி, வம்சம் ஆகியவற்றைக் கல்வெட்டோடு ஒப்பிட்டால் பத்துக்கு மூன்று நான்கு முரண்படுகிறது என்று அவர் முன்னுரையில் எழுதினார். நூல் பின்னால் வந்தவர்கள் எழுதியது, கல்வெட்டு அன்றைக்கே வெட்டியது, ஆகவே கல்வெட்டை நம்பு என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் கல்வெட்டைக் கொண்டு அரசர் வரிசையைத் திருத்தும் வேலை தொடங்குவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் இதைச் சொல்லியிருக்கிறார்.

பிறகு வந்தது 1127. வடக்கிலிருந்து படையெடுத்த ஜுர்சென்கள் கைஃபெங்கைப் பிடித்தார்கள். பேரரசர் ஹுய்சோங் சேர்த்து, படத்தோடு பட்டியல் போட்டு வைத்திருந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட வெண்கலங்கள் சிதறிப்போயின. சாவ் தம்பதி பதினைந்து வண்டி நிறையப் புத்தகமும் படியும் ஏற்றிக்கொண்டு தெற்கே ஓடினார்கள். ஊரில் விட்டுவந்த பத்துப் பதினைந்து அறைச் சேகரிப்பு தீக்கு இரையானது. 1129-இல் வழியில் பிரிய நேர்ந்தபோது மனைவி கேட்டாள், அவசரம் வந்தால் எதை விடுவது என்று. முதலில் வீட்டுச் சாமான், பிறகு துணிமணி, பிறகு புத்தகம், பிறகு பழைய பாத்திரங்கள் என்று வரிசை சொன்னான். வழிபாட்டுக் கலங்களை மட்டும் நீயே கையில் எடுத்துக்கொள், அவற்றோடு வாழ், அவற்றோடு மடி என்றான். அந்த ஆண்டே அவன் காய்ச்சலில் இறந்தான். மீதி இருந்தவையும் படைக்கும் திருடருக்கும் பறிபோயின. லி சிங்சாவ் கையில் கடைசியாக மிஞ்சியது கணவனின் நூல். அதற்கு அவள் எழுதிய பின்னுரை இன்றும் படிப்பவர் நெஞ்சை அறுக்கிறது. வெண்கலங்கள் போயின, நூல் இருக்கிறது. லூ தாலின் 1092-இல் இருநூறுக்கும் மேற்பட்ட பழங்கலங்களின் வடிவம், அளவு, எடை, எழுத்து, யாரிடம் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் சேர்த்து வெளியிட்ட நூலும் இருக்கிறது. ஷுவே ஷாங்கோங் 1144-இல் தொகுத்த ஐந்நூறு சொச்சம் வெண்கல எழுத்துகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான கலங்கள் இன்று எங்கும் இல்லை.

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஊர் வாசலில் திருவிதாங்கூர் சங்கு முத்திரையோடு ஒரு வளைவு நிற்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், தென்காசி சென்னை மாகாணம். பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளின் பேரில் மட்டும் அந்த எல்லை இன்னும் உயிரோடிருக்கிறது. இந்த எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் தென்காசிப் பாண்டியனின் வேண்டுகோளுக்கு ஒரு பெரிய பதில் வந்தது.

து. அ. கோபிநாத ராவ் 1872-இல் பிறந்தவர். 1908-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத் தொல்லியல் துறையின் பொறுப்பை ஏற்றார். அவர் தொடங்கி நடத்திய 'திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை'யின் முதல் தொகுதியிலேயே தென்காசிப் பாண்டியரின் சாசனங்கள் அச்சேறின. கல்லில் ஓரூரில் மட்டும் இருந்தது, வாசகமும் விளக்கமுமாக எந்த ஊர் நூலகத்திலும் கிடைக்கும் நிலைக்கு வந்தது. பிற்காலப் பாண்டியரைப் பற்றி எழுதுகிற எவரும் இன்றுவரை அந்தப் பக்கங்களைத் தொடாமல் போக முடியாது. தென்காசி அவர் சமஸ்தானத்துக்குள் இல்லை. வேலை எல்லையைப் பார்த்து அவர் நிற்கவில்லை.

கோபிநாத ராவை நான் சோங் அறிஞர்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அவர் கல்லோடு உலோகத்தையும் படித்தார். திருவனந்தபுரத்தில் ஹுசூர் கச்சேரி என்னும் அரசுத் தலைமை அலுவலகத்தில் இருந்த செப்பேடுகளைப் பதிப்பித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பார்த்திவசேகரபுரத்தில் தொண்ணூற்றைந்து மாணவர்களுக்குச் சாலை என்னும் கல்விக்கூடம் அமைத்த செய்தி அதில்தான் இருக்கிறது. அந்தச் செப்பேடு வாசிக்கப்படாமல் இருந்திருந்தால், அத்தனை பேருக்குச் சோறு போட்டுக் கல்வி கொடுத்த ஓர் ஏற்பாடு நம் ஊரில் இருந்தது என்பதே தெரிந்திருக்காது. சாசனத்தோடு சிலைகளையும் ஆராய்ந்து, ஆகமங்கள் சொல்லும் அளவையும் இலக்கணத்தையும் எடுத்துவைத்து, இந்துத் திருவுருவ இயல் பற்றி 1914-இலும் 1916-இலும் இரு பெரும் தொகுதிகள் வெளியிட்டார். தென்காசிச் சிற்பங்களும் அதில் பேசப்படுகின்றன. கலத்தின் வடிவத்தையும் எழுத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று லூ தாலின் செய்ததும் இதே முறைதான். 1919-இல் கோபிநாத ராவ் காலமானார். சாவ் மிங்செங்கைப் போலவே அவரும் ஐம்பதைத் தொடவில்லை.

குற்றாலத்தில் டீக்கடைக்காரர் சொன்னபடியே பேரருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்க விட்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள், மங்குஸ்தான் கூடைகள், சூடான பஜ்ஜி, நனைந்த துண்டோடு ஓடும் பிள்ளைகள். அருவிக்குப் பக்கத்திலேயே சங்கு வடிவத்தில் குற்றாலநாதர் கோயில். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பாடிய தலம். குறும்பலா தலமரம். பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையைக் குறவஞ்சியாகப் பாடியதும், அதற்காக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பேர் வந்ததும் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் செய்தி.

இங்கேயும் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. பாண்டிய நாட்டில் பத்தாம் நூற்றாண்டுவரை பெரும்பாலும் வட்டெழுத்தில் எழுதினார்கள். சோழர் ஆட்சி வந்ததும் இன்று நாம் எழுதும் எழுத்தின் முன்னோர் வடிவம் பரவியது. மலைக்கு அந்தப் பக்கம் வட்டெழுத்து இன்னும் பல நூற்றாண்டு நீடித்தது. ஆகவே இந்த மலையடிவாரத்துச் சாசனங்களைப் படிக்கிறவருக்கு இரண்டு எழுத்தும் வேண்டும், கிரந்தமும் வேண்டும். சீன அறிஞர்களுக்கும் இதே சோதனைதான். சோவ் கால எழுத்து வடிவம் சோங் காலத்தில் வழக்கில் இல்லை. ஓர் எழுத்தை அடையாளம் காண, தெரிந்த பத்து எழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் முன்னேறினார்கள்.

கோயிலிலிருந்து சற்று நடந்தால் சித்திர சபை. சிவன் கூத்தாடும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற இடங்களில் சிலையாக நிற்கும் கூத்தன் இங்கே சுவரோவியமாக ஆடுகிறான். வண்ணம் கல்லைவிடவும் உலோகத்தைவிடவும் சீக்கிரம் போகக்கூடியது. சாரல் ஊறும் ஊரில் அதை இத்தனை காலம் வைத்திருப்பதே பெரிய காரியம்.

சாசனத்தைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவது நம் மரபு. கல்லில் வெட்டினால் ஊருக்குத் தெரியும். செம்பில் வெட்டினால் உரியவர் கையில் இருக்கும். வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு நல்ல சாட்சி. களப்பிரர் காலத்தில் பறிபோன ஊரைத் தன் முன்னோருக்குரியது என்று ஒருவர் மதுரையில் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிட்டார், உரிமையை மெய்ப்பித்துத் திரும்பப் பெற்றார். எட்டாம் நூற்றாண்டின் அந்த வழக்கு பத்து ஏடுகளில் இருக்கிறது. சோழர் செப்பேடுகளில் தானம் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண்யானையை நடத்திக் காட்டி, கல்லும் கள்ளியும் நட்டதாக வரும். சோவ் கால வெண்கலத் தட்டு ஒன்று இன்று தைபேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சான் குலத்தாரின் தட்டு. ஏறக்குறைய முந்நூற்றைம்பது எழுத்துள்ள அதுவும் நில எல்லையைச் சொல்கிறது. எந்த ஆற்றைத் தாண்டி, எந்த மேட்டில் ஏறி, எந்தப் பாதையோரம் மேடு போட்டு எல்லை குறித்தார்கள் என்று நடந்து காட்டுகிறது. நிலத்துக்காக மனிதன் உலோகத்தில் எழுதிவைத்தது அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இந்த இரண்டு உலகமும் ஒன்றையொன்று அறியாமலும் இல்லை. 1015-இல் சோழத் தூதர்கள் கைஃபெங்கில் சோங் அரசவைக்குப் போனார்கள். ஓயாங் சியூ அப்போது எட்டு வயதுப் பிள்ளை. 1281-இல் சீனத் துறைமுகமான சுவான்சோவில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ, 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் வெட்டிய ஒரு கல்லை இலங்கையின் காலியில் நாட்டினார். ஐந்நூறு ஆண்டு கழித்து, 1911-இல் அது எங்கே கிடைத்தது தெரியுமா? காலி நகரத் தெருவில் சாக்கடை மதகை மூடிய கல்லாக. பார்த்த ஒருவருக்கு அது கல்வெட்டு என்று தெரிந்ததால் இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த ஒருவர் இல்லாத இடங்களில் என்ன ஆனது என்பதை நம் கோயில்களில் தினமும் பார்க்கிறோம். திருப்பணி என்ற பேரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு, பெயின்ட், டைல்ஸ். சுவரைச் சுத்தம் செய்ய அழுத்தத்தோடு மணலை அடித்ததில் பல கோயில்களில் எழுத்தின் முனை தேய்ந்தது. பிற்பாடு அந்த முறைக்குத் தடை வந்தது, தேய்ந்த எழுத்து திரும்பி வராது. பக்தியோடு செய்பவர்கள்தான் இதைச் செய்தார்கள், அதுதான் வருத்தம். தங்கள் கோயிலுக்கு யார் நிலம் கொடுத்தார், யார் விளக்கு வைத்தார் என்பதையே அழிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

படிகளுக்கும் பயணக் கதை இருக்கிறது. வெள்ளையர் காலத்திலிருந்து ஊர் ஊராகப் போய் எடுத்த மைப்படிகள் உதகமண்டலத்திலிருந்து 1966-இல் மைசூருக்குப் போயின. தமிழ்க் கல்வெட்டுகளின் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயில் சுவரில் எழுத்து போய்விட்ட பல கல்வெட்டுகளுக்கு இனி அந்தத் தாள்தான் மூலம். சாவ் தம்பதியின் பதினைந்து வண்டியைப் படித்தவர்களுக்கு, ஒரு தாள் கட்டு பத்திரமாக ஊர் சேர்வது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவிக்கு வரட்டும், அது வரவேண்டிய அருவிதான். கூடவே ஒருவேளை கோயில் சுவரையும் படிக்கட்டும். பழைய எழுத்தைக் கற்பது மலையேறுவதைவிடக் கடினமில்லை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை கல்வெட்டியலில் பட்டயப் படிப்பே நடத்துகிறது. பத்தாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய தமிழ்க் கல்வெட்டைச் சில வாரப் பழக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். தென்காசி மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் இதைக் கற்றுக்கொண்டு, பிள்ளைகளைத் தங்கள் ஊர்க் கோயிலுக்கே அழைத்துப்போய் ஒரு சுவரை வாசிக்க வைத்தால் போதும். ஊர்ப்பேர் பழைய வடிவத்தில் கல்லில் வரும்போது அந்தப் பிள்ளைக்கு உண்டாகும் பெருமையை எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாது. திருப்பணி தொடங்கும் நாளில் "அந்தச் சுவருல கை வைக்காதீங்க, அதுல எழுத்து இருக்கு" என்று ஊருக்குள்ளிருந்தே ஒரு குரல் எழும். சட்டமும் தடையும் வந்து சேர்வதற்கு முன்பே கல்லைக் காக்கிற குரல் அது. அரசனும், அறிஞனும், கணவனை இழந்த ஒரு கவிஞரும் நம்பியது அப்படிப்பட்டவர்களைத்தான். அவர்களை உருவாக்குவது நம் தலைமுறையின் கடமை.